முதுகுத்தண்டும் ஒரு ஊசியும்: 1889ல் ஆரம்பிச்ச கதை

1/ "ஏனுங் டாக்டர், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா நரம்பு திரும்ப வேலை செய்யுமுங்களா?" தென்னையிலிருந்து விழுந்தோ, பைக் விபத்திலோ முதுகுத்தண்டு அடிபட்டவங்க வீட்டில் கேட்கிற கேள்வி. அவிநாசிப் பக்கம் அடிக்கடி கேட்டிருக்கேன். இதுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு.

2/ சார்லஸ் பிரவுன்-செக்கார். 1817ல் மொரீஷியஸ் தீவில் பிறந்தவர். தலைமுறைகளா தமிழர்களும் வாழுற தீவு அது. முதுகுத்தண்டில் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டா, அந்தப் பக்கம் அசைவு போகும். எதிர்ப்பக்கம் வலியும் சூடும் தெரியாதுன்னு காட்டினவர். கத்திக்குத்து கேஸில் இன்னைக்கும் அவர் பேரைத்தான் எழுதுறோம்.

3/ அதே ஆள், 72 வயசில், 1889 ஜூன் 1 அன்னைக்கு பாரிஸில் எழுந்து நின்னு சொன்னார்: நாய், கினிப்பன்றி விரைகளை அரைச்சு எடுத்த சாறை எனக்கே ஊசியா போட்டுக்கிட்டேன், உடம்பில் பழைய பலம் வந்துடுச்சு! அவ்வளவுதான், ஊர் ஊரா 'இளமை மருந்து' வியாபாரம் கிளம்பிடுச்சு.

4/ சிக்கல் என்னன்னா, அவர் சாறு எடுத்தது தண்ணியில். டெஸ்டோஸ்டிரோன் தண்ணியில் கரையறது ரொம்பக் கம்மி. 2002ல் ஆஸ்திரேலியாவில் அதே முறையில் சாறு எடுத்துப் பார்த்தாங்க. உடம்பில் வேலை செய்யற அளவுக்கு அதில் ஹார்மோனே இல்லை. அவருக்கு வேலை செஞ்சது நம்பிக்கை.

5/ ஆனா யோசனை தப்பில்லை. 1935ல் ஆம்ஸ்டர்டாமில் 100 கிலோ காளை விரையிலிருந்து வெறும் 10 மில்லிகிராம் பிரிச்சு எடுத்து, டெஸ்டோஸ்டிரோன்னு பேர் வெச்சாங்க. அதே வருஷம் ஆய்வகத்திலும் செஞ்சாங்க. 1939ல் நோபல்.

6/ இப்ப ரெண்டு கதையும் சேருது. தண்டுவடம் அடிபட்ட ஆண்கள் பலருக்கு இந்த ஹார்மோன் குறையுது. எலிகளில், அடிபட்ட பிறகு தசையை இயக்கும் நரம்பணுக்களோட கிளைகள் சுருங்குது. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தா அந்தச் சுருக்கம் குறையுது. நல்ல செய்திதான். ஆனா அது எலி.

7/ மனுஷங்களில்? அளவு குறைவா இருந்த ஆண்களுக்கு 12 மாசம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011ல் வந்தது. தசை கூடுச்சு. அறுந்த நரம்பு ஒட்டுச்சுன்னு யாரும் நிரூபிக்கலை.

8/ முக்கியமான விஷயம்: வெளியிலிருந்து இந்த ஊசி போட்டா விந்தணு உற்பத்தி படுத்துடும். ரத்தமும் கெட்டியாகலாம். குழந்தை வேணும்னு இருக்கிற இளைஞருக்கு யாரோ சொன்னாங்கன்னு போட்டுடாதீங்க.

9/ அப்ப எதுதான் வாழ்க்கையை மாத்துச்சு? வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் கார் விபத்து, இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுத் திரும்பினார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. படுக்கைப்புண் வராம பார்க்கிறது, சிறுநீர்ப்பை பராமரிப்பு, கைக்கு பலம், ஒரு தொழில். அங்கே நடந்தது இதுதான்.

10/ அதனால என் பதில்: காலையில் ரத்தம் எடுத்து அளவு பாருங்க. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. குறைவா இருந்து, தொந்தரவும் இருந்தா சிகிச்சை உண்டு, தசைக்காக. நடக்க வைக்கும்னு சொல்லி யாராவது விற்றா, அது 1889ல் வித்த அதே சரக்கு. அந்தக் காசில் நல்ல சக்கர நாற்காலியும் பிசியோதெரபியும் வாங்குங்க.