திரைப் பகிர்வில் மவுஸ் கிளிக் விளைவுகள்

கணினித் திரையைக் காட்டிப் பாடம் நடத்தும்போது, மவுஸ் பொத்தான் அழுத்தப்படும் கணத்தை ஒளிவட்டத்தாலோ ஒலியாலோ பார்ப்பவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடுகளே கிளிக் விளைவுகள். அம்புக்குறி நகர்வது எல்லோருக்கும் தெரியும். விரல் அழுத்தியது தெரியாது. இடது பொத்தானா வலது பொத்தானா, ஒருமுறையா இருமுறையா என்பதும் தெரியாது. திடீரென ஒரு மெனு விரிந்தால், எதை அழுத்தியதால் விரிந்தது என்று மாணவர் தேடுவதற்குள் பாடம் அடுத்த படிக்குப் போய்விடும்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸைச் செய்துகாட்டியபோது, அதைப் பிடித்திருந்த கையையும் காமிரா பெரிய திரையில் காட்டியது. இன்றைய திரைப் பகிர்வில் கை தெரிவதில்லை. அந்தக் கையின் வேலையைத்தான் ஒளிவட்டம் செய்கிறது.

விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில் நெடுங்காலமாக இருப்பது, கன்ட்ரோல் விசையை அழுத்தினால் அம்புக்குறியைச் சுற்றி வளையம் காட்டும் வசதி. அது இடத்தைக் காட்டும், கிளிக்கைக் காட்டாது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள மவுஸ் ஹைலைட்டர் இக்குறையைத் தீர்க்கிறது. விண்டோஸ், ஷிஃப்ட், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது இயங்கத் தொடங்கும். இடது கிளிக்குக்கு மஞ்சள் வட்டமும் வலது கிளிக்குக்கு நீல வட்டமும் தோன்றும். நிறம், ஆரம், மறையும் வேகம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றில் நேர அமைப்புக்கே அதிகக் கவனம் வேண்டும். ஹைலைட்டரின் இயல்பமைப்பில், வட்டம் 500 மில்லிவிநாடி நின்று, பிறகு 250 மில்லிவிநாடியில் கரைகிறது. இது வீணான தாமதம் அல்ல. இணையம் மந்தமாகிப் பகிர்வு விநாடிக்கு 5 சட்டகங்களாகக் குறைந்தால், ஒவ்வொரு சட்டகமும் 200 மில்லிவிநாடி நீளும். 100 மில்லிவிநாடியில் மின்னி மறையும் வட்டம் எந்தச் சட்டகத்திலும் அகப்படாமலே போகலாம். மறுபுறம், விண்டோஸ் இரட்டைக் கிளிக்காக ஏற்கும் இடைவெளியும் இயல்பாக 500 மில்லிவிநாடிதான். எனவே முதல் வட்டம் மறையும் முன்பே இரண்டாவது அதன்மேல் விழுந்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும். இரட்டைக் கிளிக்கைக் கற்பிப்பவர் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, "இருமுறை" என்று வாயாலும் சொல்லிவிடுவது நல்லது.

வட்டத்தை இந்த மென்பொருள், எல்லாச் சாளரங்களுக்கும் மேலே விரித்த ஓர் ஒளிபுகும் சாளரத்தில் வரைகிறது. ஆகவே கூட்டச் செயலியில் ஒரு சாளரத்தை மட்டும் பகிர்ந்தால், நடத்துபவர் கண்ணுக்கு வட்டம் தெரியும், எதிர்முனைக்குப் போய்ச் சேராது. முழுத்திரையையும் பகிர வேண்டும்.

ஒலிக்கும் இதே கதிதான். மவுஸின் இயல்பான சொடுக்கொலியை மைக்கின் இரைச்சல் நீக்கி பெரும்பாலும் விழுங்கிவிடும். மென்பொருள் எழுப்பும் ஒலி எதிர்முனையை எட்ட வேண்டுமானால், பகிரும்போதே கணினி ஒலியையும் சேர்க்கும் தெரிவை இயக்க வேண்டும். நேரலையில் ஒலியைத் தவிர்ப்பதே மேல். பேச்சின் மீது ஓயாமல் விழும் 'டிக்' சத்தம் கேட்பவரைச் சீக்கிரம் சோர்வடையச் செய்யும். பதிவுசெய்த பாடங்களில் குறைந்த அளவில் வைத்தால் பயன் உண்டு. காம்டேசியா மென்பொருள் அம்புக்குறியின் தரவைக் காட்சியிலிருந்து பிரித்துச் சேமிப்பதால், வளையத்தையும் கிளிக் ஒலியையும் பதிவு முடிந்தபின் சேர்க்கலாம், நீக்கலாம்.

நிறக்குருடு உள்ளவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாமல் போகலாம்; அந்த இணையைத் தவிர்த்து மஞ்சள், நீலம் போன்றவற்றைக் கொள்வது நலம். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் தவிர்க்குமாறு இணைய அணுகல் நெறிமுறைகள் கூறுகின்றன. வலிப்பு நோய் உள்ளோருக்கு அது ஆபத்து.

மேக் கணினியில் குயிக்டைம் திரைப்பதிவின்போது கிளிக்கைக் காட்டும் தெரிவு உண்டு. லினக்ஸின் கேடிஇ பிளாஸ்மாவில் அது மேசைத்தள விளைவுகளில் ஒன்று. ஆண்ட்ராய்டு கைபேசியில் டெவலப்பர் விருப்பங்களுக்குள் சென்று, தொடுதல்களைக் காட்டும் தெரிவை இயக்கினால், விரல் பட்ட இடமெல்லாம் ஒரு வெண்புள்ளி தோன்றும்.