60 டிகிரி பிறந்த கதை

பிரிட்டனில் வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் பலருக்கு இந்த ஆளைத் தெரிந்திருக்கும். தெர்மாமீட்டரோடு வருவார். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பார். அதற்குள் 50 டிகிரி செல்சியஸ் வந்தாக வேண்டும். பச்சைத்தண்ணீரை இரண்டு நிமிடம் ஓடவிடுவார். அது 20-ஐத் தாண்டக் கூடாது. சுடுதண்ணீர்த் தொட்டி 60-ல் இருக்க வேண்டும். போகிற போக்கில், “யாரும் புழங்காத குழாய் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்பார். பெரும்பாலும் பரிசோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்கூட எடுக்க மாட்டார். எண்களைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த எண்களுக்கெல்லாம் பின்னால் சாவுகள் இருக்கின்றன.

1976 ஜூலையில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் சங்கமான ‘அமெரிக்கன் லீஜியன்’, ஃபிலடெல்ஃபியாவின் பெல்வ்யூ-ஸ்ட்ராட்ஃபர்ட் ஓட்டலில் மாநாடு கூட்டியது. ஊர் திரும்பியவர்கள் காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். நெஞ்சில் சளி கட்டி, மூச்சுத் திணறி இறந்தார்கள். 221 பேர் நோயுற்றார்கள், 34 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் 39 பேர் ஓட்டலுக்குள்ளேயே போகாதவர்கள். ஓட்டல் வாசலில் பிராட் தெருவில் நடந்துபோனவர்களும் அதில் உண்டு. பன்றிக் காய்ச்சல் பீதி நாட்டைப் பிடித்திருந்த வருஷம் அது. பன்றிக் காய்ச்சலா, நிக்கல் விஷமா, யாராவது செய்த சதியா என்று ஊகங்கள் பறந்தன. ஓட்டலுக்கு ஆள் வருவது நின்று, நவம்பரில் கதவை மூடினார்கள்.

அட்லாண்டாவில் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் ஆகஸ்டிலேயே கினிப்பன்றியின் திசுவில் சில குச்சி வடிவ பாக்டீரியாக்களைப் பார்த்திருந்தார். ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். வழக்கமான முறைப்படி கருவுற்ற கோழிமுட்டையில் கிருமியை வளர்த்தும் பார்த்தார். வேண்டாத பாக்டீரியா வளராமலிருக்க அதில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பது மரபு. தேடிய கிருமியையே கொல்லும் மரபு! கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே, மனசு கேட்காமல், பழைய நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளை மறுபடி எடுத்தார். இம்முறை முட்டையில் ஆன்டிபயாட்டிக் சேர்க்கவில்லை. கிருமி வளர்ந்தது. பிழைத்தவர்களின் ரத்தம் அதை அடையாளம் காட்டியது. 1977 ஜனவரியில் அறிவித்தார்கள். பிற்பாடு வைத்த பெயர்: லீஜியனெல்லா நியூமோஃபிலா.

பெயர் கிடைத்ததும் பழைய மர்மங்களும் அவிழ்ந்தன. 1968-ல் மிச்சிகனின் பான்டியாக் நகரில் சுகாதாரத் துறைக் கட்டடத்திலேயே 144 பேர் காய்ச்சலில் படுத்தார்கள். விசாரிக்கப் போனவர்களும் படுத்தார்கள். யாரும் சாகவில்லை. பத்திரப்படுத்தியிருந்த ரத்தத்தைச் சோதித்தபோது அதே குடும்பத்துக் கிருமி. அங்கே குற்றவாளி ஏசி அமைப்பு. சரி, இது பெரிய கட்டடங்களின் வியாதி என்று அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. 1980-ல் ஆக்ஸ்ஃபர்டில் சிறுநீரக மாற்றுப் பிரிவு ஒன்றின் ஷவரிலேயே கிருமி அகப்பட்டது. கதை ஏசியிலிருந்து குளியலறைக்கு இறங்கியது அப்போதுதான். அதே ஆண்டில் லீட்ஸைச் சேர்ந்த ரோபோத்தம் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டினார்: இது நீரில் வாழும் அமீபாவுக்குள் புகுந்து பெருகுகிறது. அமீபாவைத் தின்று பழகியதற்கு நம் நுரையீரலின் காவல் செல்லும் இன்னொரு அமீபாதான். தண்ணீரைக் குடித்தால் பொதுவாக ஒன்றும் ஆகாது. நுண்துளியாக மூச்சில் போனால்தான் வினை.

20-லிருந்து 45 டிகிரி வரை இந்தக் கிருமிக்குச் சுகவாசம். 50-ல் சாக மணிக்கணக்காகும். 60-ல் நிமிடங்கள் போதும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் வேகவைத்துவிடும். அதனால்தான் அமெரிக்காவில் தீக்காயத்துக்கு அஞ்சி 49 டிகிரி போதும் என்கிறார்கள். தொட்டியில் 60 வைத்து, குழாயருகே பச்சைத்தண்ணீரைக் கலக்கும் வால்வு போடுவது இரண்டு பயங்களுக்கும் இடையே செய்துகொண்ட சமரசம். வெதுவெதுப்பு கடைசி சில அடிகளில் பிறந்தால் போதும்.

ஸ்பா தொட்டியில் அந்தச் சமரசத்துக்கே இடமில்லை. தண்ணீர் எப்போதும் 35-40 டிகிரி. குளித்தவர்களின் தோலும் எண்ணெயும் குளோரினைத் தின்றுவிடும். காற்றுக்குழாய் கொப்பளித்து நுண்துளியை மூக்கருகே கொண்டுவரும். கிருமியே வரைபடம் போட்டுக் கட்டியதுபோல இருக்கும். 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க்கண்காட்சியில் இரண்டு ஸ்பாக்களை விற்பனைக்காக ஓடவிட்டிருந்தார்கள். பூப் பார்க்க வந்தவர்கள் அவற்றைக் கடந்து போனார்கள். அதில் மூன்றாம் மண்டபத்து ஸ்பாவருகே சற்று நின்றவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. 188 பேர் நோயுற்றதாக ஆய்வு கணக்கிட்டது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிரிட்டனில் இன்று வணிக ஸ்பாக்களின் குளோரினை ஒரே நாளில் பலமுறை அளந்து குறித்துவைக்கச் சொல்வது இதைப் போன்ற பாடங்களால்தான்.

வாடகை வீட்டுக்கு வந்தவர் கடைசியாக, விருந்தினர் அறையின் ஷவருக்குப் போவார். பல வாரங்களாக யாரும் திறக்காத ஷவர். அதன் தலையைத் தாங்கியிலிருந்து கழற்றி வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குழாயை மெதுவாகத் திறப்பார். தெறிக்காமல் பார்த்துக்கொள்வார்.