ஈரவிறகின் சரித்திரம்

மலாயாவின் சரித்திரத்தை ரப்பரைக் கொண்டும் ஈயத்தைக் கொண்டும் எழுதினோர் பலர். அவ்விரண்டிற்கும் அடியில் எரிந்த விறகைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. ஆண்டு முழுதும் மழை பெய்யும் இந்நாட்டில் விறகை உலர்த்திக் காப்பது ஒரு பெருங்காரியம். அஃது எவருக்குக் கைகூடிற்று, எவருக்குக் கைகூடவில்லை என்பதே இங்கு நாம் ஆராய்வது.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராயிருப்பதுண்டு. அதனை அடுப்பிலிட்டால் நெருப்பின் வலிமை அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். சோறு வேகாது, புகையே மிகும்.

இந்நாட்டின் முதல் புகைவண்டி 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அக்காலத்தில் புகைவண்டிகளுக்கும் ஈயச் சுரங்க இயந்திரங்களுக்கும் கடலோரத்துப் பாக்காவ் மரம் விறகாயிற்று. மாத்தாங்கிலுள்ள பாக்காவ்க் காட்டை அரசாங்கத்தார் 1902 முதல் காப்புக்காடாக்கத் தொடங்கினர். 1915இல் பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டத் தொடங்கிய பின் விறகின் செல்வாக்குக் குறைந்தது. 1930இல் மாத்தாங்கில் கரிச்சூளை எழுந்தது. பட்டை உரித்த கட்டைகளைச் சூளைக்குள் நிறுத்தி, வாயிலில் மெல்லத் தீ மூட்டி, முதலில் நீரை ஆவியாய்ப் போக்குவர். பின்னர் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவர். சுமார் 40 டன் பச்சை மரம் 10 டன் கரியாகும். ஈரத்தை வெல்ல இதனினும் முடிவான வழி வேறில்லை.

தோட்டங்களுக்கு வருவோம். ரப்பர்த் தகடுகளைப் புகைவீட்டில் சில நாட்கள் தொங்கவிட்டு, சீரான சூட்டில் உலர்த்த வேண்டும். சூடு தளர்ந்து ஈரம் தங்கினால் தகட்டில் பூஞ்சணம் படரும், விலை குறையும். ஆகவே புகைவீட்டு விறகுக்குக் கூரை தேவைப்பட்டது. பால்வெட்டி முடித்துத் திரும்பிய பெண்ணோ, நனைந்த ரப்பர்க் கிளைகளைத் தலைச்சுமையாகக் கொணர்ந்து, லயத்து அஞ்சடியில் அடுப்பூதினாள். ரப்பர்க் கட்டையோ ஈரத்தில் கிடந்தால் விரைவில் பூஞ்சணமும் வண்டும் பற்றும் மரம். பல தோட்டங்களில் அவள் விறகுக்கென ஒரு கொட்டகை இருந்ததில்லை.

எனினும் அனுபவம் அவளுக்கு ஆசிரியனாயிற்று. கட்டையைப் பிளந்தால் விரைவில் உலரும். பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். தரையில் கிடத்தாமல் இரு கற்கள்மேல் கம்பு வைத்து, காற்றுப் புக இடைவிட்டு அடுக்க வேண்டும். மேலே தகரம் போடலாம். பக்கங்களை மூடுதல் தவறு, ஈரம் வெளியேறாது. நாளைக்கு எரிக்கவேண்டியதை இன்றே அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏற்றினால், இன்றைய சூடே அதனை உலர்த்தும்.

இன்று வீடுகளில் காஸ் அடுப்பு எரிகிறது. ஆயினும் தாய்மார் கண்ணெரிந்து இருமிய காலத்தை நாம் மறக்கலாகாது. அப்புகையைப் பெண்ணின் தலைவிதி என்றனர் சிலர். விதியன்று, தோழர்களே! நான்கு கம்பும் ஒரு கூரையும் கொடுக்க மனமில்லாத குறையே அது.