பாலாடைக்கட்டியும் ஒரு கடிதமும்: மனச்சோர்வு மருந்தின் முதல் பத்தாண்டுகள்

மருத்துவ வரலாற்று நூல்களைப் புரட்டும்போது, கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் தடித்த எழுத்திலும், தீங்கை முதலில் கவனித்தவர்களின் பெயர்கள் அடிக்குறிப்பிலும் இடம்பெறுவதைக் காண்கிறோம். மனச்சோர்வுக்கென வந்த முதல் மருந்துகளின் வரலாறும் இதற்கு விலக்கன்று. அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம் ஆய்வுக்கூடத்தில் நிகழவில்லை. நாட்டிங்ஹாம் நகர மருத்துவமனை ஒன்றின் மருந்தாளுநர், தம் மனைவிக்கு வந்த தலைவலியைக் குறித்து எழுதிய சிறு கடிதத்தில் அது நிகழ்ந்தது. அக்கடிதத்திற்கு வருமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, ஜெர்மானியர் எரிபொருளாகப் பயன்படுத்திய ஹைட்ரசீன் என்னும் வேதிப்பொருள் ஏராளமாக மிஞ்சி, மலிவு விலைக்குக் கிடைத்தது என்பர். (வி-2 ஏவூர்தியின் எரிபொருள் இதுவே என்று பலரும் எழுதிவிடுகின்றனர். அது பிழை. வி-2 எரிசாராயத்தில் ஓடியது.) அந்த ஹைட்ரசீனின் வழிப்பொருள்களில் காசநோய்க்கு மருந்து தேடியபோது கிடைத்தவையே ஐசோனியசிட், ஐப்ரோனியசிட் என்னும் இரண்டும். 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் இவற்றைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். மரணத்தை எதிர்நோக்கிப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தனர், பசிக்கிறது என்றனர், கூடத்தில் ஆடினர். அவர்கள் ஆடும் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. நுரையீரல் தேறியதனால் மட்டும் வந்த மகிழ்ச்சியாக அது தோன்றவில்லை. எனினும் மருத்துவர்கள் அந்த உற்சாகத்தை அன்று பக்கவிளைவு என்றே குறித்துக்கொண்டனர். ஒரு நோய்க்குப் பக்கவிளைவாக இருப்பது மற்றொரு நோய்க்கு மருந்தாகலாம் என்று அவர்கள் உணரச் சில ஆண்டுகள் பிடித்தன.

1957இல் ராக்லண்ட் அரசு மருத்துவமனையின் நேத்தன் கிளைனும் அவருடைய சகாக்களும் ஐப்ரோனியசிட் மனச்சோர்வைத் தணிப்பதாக அறிவித்தனர். காசநோய்க்கான மருந்தாக அது ஏற்கெனவே கடைகளில் இருந்தமையால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஓராண்டுக்குள் சுமார் நான்கு இலட்சம் பேர் அதை உட்கொண்டனர் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. பின்னர் மஞ்சட்காமாலை வந்தது. கல்லீரல் கெட்டுச் சிலர் இறந்தனர். 1961இல் அமெரிக்காவில் அம்மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. கல்லீரலுக்கு அத்தனை தீங்கு செய்யாத இனமருந்துகள் அதன் இடத்திற்கு வந்தன. அவற்றுள் ஒன்று டிரானில்சிப்ரமின்; பார்னேட் என்னும் பெயரில் விற்பனையானது.

இம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்தன? உடலில் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்றொரு நொதி உண்டு. நார்அட்ரினலின், செரடோனின் முதலியவற்றைச் சிதைப்பது அதன் தொழில். அந்நொதியை இம்மருந்துகள் முடக்கிவிடுகின்றன. மூளையில் அப்பொருள்கள் மிகுகின்றன. மனம் மெல்லத் தெளிகிறது. ஆனால் அந்நொதி மூளையில் மட்டும் இருப்பதன்று. குடலிலும் கல்லீரலிலும் காவற்காரனைப்போல் நின்று, உணவோடு வரும் சில பொருள்களைச் சிதைத்துக்கொண்டிருக்கிறது. மருந்து அந்தக் காவற்காரனையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிடும்.

1960களின் தொடக்கத்தில், இம்மருந்தை உட்கொண்டோர் சிலருக்குத் திடீரெனப் பிடரியில் பிளப்பதுபோன்ற தலைவலியும் படபடப்பும் இரத்த அழுத்த ஏற்றமும் வந்தன. சிலர் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தனர். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர் பேரி பிளாக்வெல் இதைப் பற்றி 1963இல் லான்செட் இதழுக்கு எழுதினார். அதைப் படித்துவிட்டுத்தான் நாட்டிங்ஹாம் மருந்தாளுநர் ரோ கடிதம் எழுதினார். தம் மனைவிக்கு இருமுறை அத்தகைய தலைவலி வந்ததென்றும், இருமுறையும் அவர் பாலாடைக்கட்டி உண்டிருந்தாரென்றும், பாலாலும் வெண்ணெயாலும் ஒன்றும் நேரவில்லையென்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். பாலாடைக்கட்டியிலுள்ள அமினோ அமிலங்களுக்கு இதில் தொடர்பிருக்குமோ என்றும் வினவியிருந்தார்.

பிளாக்வெல்லும் சகாக்களும் அதைப் படித்துச் சிரித்தனர். இதைப் பின்னாளில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். நாமும் அங்கிருந்தால் சிரித்திருப்போம். ஐரோப்பியரின் அன்றாட உணவு உயிரைக் குடிக்கும் என்றால் யார் நம்புவார்? எனினும் அக்கடிதம் அவர் மனத்தில் தங்கிவிட்டது. மருந்தைத் தாமே உட்கொண்டு பாலாடைக்கட்டி தின்று பார்த்தார், ஒன்றும் நேரவில்லை. வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். அவரோ தலைவலி கண்ட நோயாளிகள் அன்று என்ன உண்டனர் என்று விசாரிக்கலானார். விடை மீண்டும் மீண்டும் பாலாடைக்கட்டியாகவே இருந்தது. அவ்வாண்டே லான்செட்டில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. குற்றவாளி டைரமின் என்னும் பொருளே என்று விரைவில் தெளிவாயிற்று. காவற்காரன் இல்லாத குடலைக் கடந்து இரத்தத்தில் புகும் டைரமின், நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலினை ஒரேயடியாக வெளித்தள்ளிவிடுகிறது.

இங்கே நம்மை வியக்கவைப்பது வேறொன்று. இதில் எதுவுமே புதிய அறிவன்று. 1846இல் லீபிக் பாலாடைக்கட்டியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு டைரோசின் என்று பெயர் வந்தது. டைரோஸ் என்றால் கிரேக்கத்தில் பாலாடைக்கட்டி. டைரமின் அதன் வழிவந்தது. அழுகிய பொருள்களில் உண்டாகும் இத்தகைய அமைன்கள் இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று டேலும் டிக்ஸனும் 1909இலேயே காட்டிவிட்டனர். 1928இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த மேரி ஹேர், கல்லீரலில் ஒரு நொதியைக் கண்டறிந்து அதற்கு டைரமின் ஆக்ஸிடேஸ் என்று பெயரிட்டார். பிற்பாடு மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் எனப் பெயர் மாறியது அதே நொதிதான். பழைய பெயரே நிலைத்திருந்தால், அதை முடக்கும் மருந்தைக் கொடுக்குமுன் டைரமினை யாரேனும் நினைத்திருக்கக்கூடும். மூன்று துண்டுகளும் நூலகங்களில் தனித்தனியே கிடந்தன.

1964இல் அமெரிக்காவில் பார்னேட் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டே கட்டுப்பாடுகளுடன் திரும்பியது. ஆனால் உணவோடு ஆபத்து முடிந்துவிடவில்லை. 1984 மார்ச்சில் காய்ச்சலுடனும் நடுக்கத்துடனும் நியூயார்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட லிபி சயான் என்னும் பதினெட்டு வயது மாணவி, சில மணி நேரத்தில் இறந்தார். அவர் இவ்வின மருந்தான ஃபெனெல்சின் உட்கொண்டு வந்தவர். அங்கே அவருக்குப் பெதிடின் செலுத்தப்பட்டது. இவ்விரண்டும் சேரக் கூடாதவை. சேர்ந்தால் செரடோனின் கட்டுமீறி, உடல் கொதிக்கும். இறப்பின் காரணம் பற்றி நீதிமன்றத்தில் நெடுநாள் வாதம் நடந்தது. 1995இல் நடுவர் குழு, பொறுப்பை மருத்துவர்களுக்கும் இறந்த பெண்ணுக்குமாகப் பகிர்ந்தது. பத்திரிகையாளரான தந்தை சிட்னி சயான் நடத்திய போராட்டத்தின் விளைவாக, பயிற்சி மருத்துவர்கள் வாரத்திற்கு 80 மணிக்கு மேல் பணியாற்றக் கூடாதென்ற விதி 1989இல் நியூயார்க் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. தூங்காத மருத்துவர்களைப் பற்றிப் பேசிய அளவு, அந்த இரு மருந்துகளைப் பற்றி ஊர் பேசவில்லை என்பது நம் மனக்குறை.

பிற மருந்துகள் பயன்தராத நோயாளிகளுக்கு இவ்வின மருந்துகள் இன்றும் வழங்கப்படுகின்றன. சிலருக்கு வேறெதுவும் தராத நிம்மதியை இவை தருகின்றன. நெடுநாள் முதிரவைத்த பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, நொதித்த சோயா, ஈஸ்ட் சாறு முதலியவை விலக்கத்தக்கவை. பாலும் வெண்ணெயும் புதிய பனீரும் அப்படியல்ல. சாக்லேட் முதலிய பலவும் பழைய அச்சத்தில் பட்டியலில் ஏறி, பின்னர் இறங்கிவிட்டன. சளிக்கும் இருமலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் மருந்துகள் சிலவும், டிராமடால் போன்ற வலி நீக்கிகளும் உணவைவிடப் பெரிய ஆபத்து. மருந்தை நிறுத்திய பின்னும் நொதி மீண்டும் உருவாக இரு வாரங்கள் ஆகும்; அதுவரை விலக்கும் தொடர வேண்டும். ஃபுளூஆக்ஸெடின் உட்கொண்டவர் இதற்கு மாறுவதாயின் ஐந்து வாரம் இடைவெளி வேண்டும். எந்த மனச்சோர்வு மருந்தையும் தாமாக ஒரே நாளில் நிறுத்துவதும் தீங்கே. திடீரெனக் கடுமையான தலைவலி வந்தால் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

பிரிட்டனில் இம்மருந்தைப் பெறுவோர்க்குச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை வழங்கப்பட்டது. மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் செல்லும்போது அதைக் காட்ட வேண்டும். உண்ணக் கூடாதவற்றின் வரிசையில் முதலில் இருந்தது பாலாடைக்கட்டி.