சட்டத்தைச் சுட்டும் சட்டம்

தேசம் எல்லைக்கோட்டிலும் கொடியிலும் இருப்பதாகவே நமது விவாதங்களில் பேசப்படுகிறது. கல்யாணத்திலும் விவாகரத்திலும் பிள்ளை யாருக்கு என்ற வழக்கிலும் அது உட்கார்ந்திருப்பதை நாம் அதிகம் கண்டுகொள்வதில்லை. ஒரு நாட்டு ஆணும் இன்னொரு நாட்டுப் பெண்ணும் மூன்றாவது நாட்டில் குடும்பம் நடத்திப் பிரிந்தால் எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்பது? இதைச் சொல்லும் விதிகளுக்குத் தனியார் சர்வதேசச் சட்டம் என்று பெயர். பெயரில்தான் சர்வதேசம். உண்மையில் பெரும்பாலும் அது ஒவ்வொரு அரசும் தனக்கென எழுதிக்கொள்கிற உள்நாட்டுச் சட்டம். வக்கீல்கள் சமாச்சாரம் என்று நம்மாட்கள் இதை ஒதுக்கிவிடுவார்கள். இந்த விதிகள் யாரையும் தண்டிப்பதில்லை, யாருக்கும் சொத்து தருவதில்லை, 'அந்தச் சட்டத்தைப் போய்ப் பார்' என்று கைகாட்டுகின்றன, அவ்வளவுதான். ஆனால் கைகாட்டுவதற்கு முன் 'நீ யாருடைய ஆள்?' என்று கேட்கின்றன. அதிகாரம் இயங்குவது அந்தக் கேள்வியில்தான் என்பது எனது வாதம். ஜப்பான் 1898இல் எழுதிக்கொண்ட 'ஹோரெய்' என்ற சட்டத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி.

1858இல் அமெரிக்கா, ஹாலந்து, ரஷ்யா, பிரிட்டன், ஃபிரான்ஸ் ஆகிய ஐந்தும் ஜப்பானுடன் ஒப்பந்தம் போட்டன. ஜப்பானிய மண்ணில் குற்றம் செய்த வெள்ளையரை அவரவர் நாட்டுத் தூதரக நீதிமன்றமே விசாரிக்கும் என்பது அவற்றின் சாரம். இதற்கு என்ன அர்த்தம் என்பது 1886 அக்டோபரில் சாமானிய மனிதருக்கும் புரிந்தது. நார்மன்டன் என்ற பிரிட்டிஷ் கப்பல் கீ தீபகற்பத்துக்கு அருகே மூழ்கியது. கப்பல் தலைவனும் வெள்ளைக்கார மாலுமிகளும் படகேறித் தப்பினார்கள். ஜப்பானியப் பயணிகள் 25 பேரும் செத்தார்கள். கோபேயில் நடந்த பிரிட்டிஷ் தூதரக விசாரணை தலைவன்மேல் குற்றமில்லை என்றது. ஊர் கொந்தளித்த பிறகு யொகொஹாமாவில் மறுபடி விசாரித்து மூன்று மாதச் சிறை கொடுத்தார்கள். செத்தவர் குடும்பங்களுக்கு ஒரு சல்லிக் காசு கிடைக்கவில்லை.

இந்த அவமானத்திலிருந்து மீள மேற்கு விதித்த நிபந்தனை: 'எங்களுடையதைப் போன்ற சட்டத் தொகுப்பு உங்களிடம் இருக்கட்டும், பிறகு பேசலாம்.' அதாவது முதலில் எங்களைப் போல் ஆகு, பிறகு உன்னை நீயாக ஏற்கிறோம். ரொகுமெய்கான் மாளிகையில் மந்திரிமார் மனைவிகளோடு மேலைநாட்டு நடனம் ஆடியதும் இதே அரசியலின் பகுதிதான். சட்ட நிபுணர்களையும் வரவழைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் 1873இல் பாரிசிலிருந்து வந்த குஸ்தாவ் புவாசொனாத். 1880இல் வெளியான குற்றவியல் சட்டம் அவர் வரைந்தது. விசாரணைச் சித்திரவதைக்கு எதிராகக் குரல் கொடுத்தவரும் அவர்.

1887இல் வெளியுறவு மந்திரி இனோவே கவோரு ஒரு திட்டம் வைத்தார். அந்நியர் சம்பந்தப்பட்ட வழக்குகளில் அந்நிய நீதிபதிகளே பெரும்பான்மையாக இருப்பார்கள். புதிய சட்டங்கள் வல்லரசுகளின் பார்வைக்கு அனுப்பப்படும். இதைக் கடுமையாக எதிர்த்து ஆலோசனைக் குறிப்பு எழுதியவர் யார் தெரியுமா? அந்த ஃபிரெஞ்சு நிபுணரேதான். இப்போதுள்ள ஒப்பந்தங்களைவிட இது மோசம், மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்றார். சம்பளம் கொடுத்து அழைத்து வந்த நிபுணர், அழைத்தவர் கேட்க விரும்பாததைச் சொல்வது அபூர்வம். இரகசியமாக எழுதப்பட்ட அந்தக் குறிப்பு வெளியே கசிந்தது. அச்சாகிக் கைக்குக் கை மாறி, பேச்சுரிமையும் நிலவரிக் குறைப்பும் கேட்டுப் போராடியவர்களின் கையில் ஆயுதமாகிவிட்டது. இனோவே பதவி விலக, அந்த ஆண்டு டிசம்பரில் அரசு ஒரு அவசர ஆணை போட்டு, கிளர்ச்சிக்காரர்கள் 500 பேருக்கு மேல் தோக்கியோவை விட்டுத் துரத்தியது. அடுத்து வந்த ஒகுமா ஷிகெநொபு உச்சநீதிமன்றத்தில் மட்டும் அந்நிய நீதிபதிகள் என்று இறங்கிவந்து பார்த்தார். 1889இல் அவர்மேல் வெடிகுண்டு வீசப்பட்டது, ஒரு கால் போயிற்று. சட்டத் தொகுப்பு என்பது நூலகத்தில் உட்கார்ந்து செய்கிற காரியமல்ல.

புவாசொனாதின் சிவில் சட்டம் 1890இல் வெளியாகி, 1892இல் தள்ளிப்போடப்பட்டு, அப்படியே செத்தது. அதோடு கிளம்பிய முதல் ஹோரெய்க்கும் அதே கதி. இந்தச் சட்டம் வந்தால் அரச விசுவாசமும் பெற்றோர் பக்தியும் அழியும் என்று 1891இல் எழுதியவர் ஹொசுமி யாட்சுகா. மாற்றுச் சட்டத்தை வரைந்த மூவரில் ஒருவர் அவருடைய அண்ணன் ஹொசுமி நொபுஷிகே. லண்டனிலும் பெர்லினிலும் படித்தவர். புதிய ஹோரெய் பிரதானமாக அவருடைய கைவேலை.

அதன் மூலம் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே கெப்ஹார்ட் என்ற நிபுணர் சிவில் சட்டத்துக்காக ஒரு வரைவு தயாரித்திருந்தார். எங்கள் குடிமகனுக்கு எங்கள் சட்டம், உங்கள் குடிமகனுக்கு உங்கள் சட்டம் என்று இரு பக்கமும் சமமாகக் கைகாட்டும் வரைவு அது. ஜெர்மன் அரசுக்கு இது பிடிக்கவில்லை. அந்நியச் சட்டத்தை மதிப்பதாக முன்கூட்டியே ஏன் வாக்குக் கொடுக்க வேண்டும்? 1896இல் அங்கே நிறைவேறிய சட்டம், ஜெர்மன் சட்டம் எப்போது செல்லும் என்பதை மட்டுமே பெரும்பாலும் சொன்னது. சொந்த நாட்டில் விலைபோகாத ஆலோசனைக்குத் தோக்கியோவில் இடம் கிடைத்தது. காரணம் எளிது. பலசாலிக்குச் சமத்துவ விதி சுமை, சமமாக நடத்தப்படாதவனுக்கு அது கோரிக்கை. 1894இல் பிரிட்டனுடன் செய்த புதிய ஒப்பந்தம் 1899 ஜூலையில் அமலாகித் தூதரக நீதிமன்றங்கள் ஒழிந்தன. அதற்கு ஓராண்டு முன்னால், 1898 ஜூலை 16இல், சிவில் சட்டத்தோடு ஹோரெய் அமலுக்கு வந்தது.

இந்த இடத்தில் விடுதலைக் கதையாடலை முடித்துக்கொள்வது வசதியானது. ஆனால் சட்டத்துக்குள் என்ன இருந்தது? மனிதனை அவன் வசிக்கும் இடத்தால் அல்ல, அவன் சேர்ந்த தேசத்தால் அடையாளப்படுத்தும் கொள்கை. இத்தாலியர் மான்சினி 1851இல் தூரின் நகரில் முழங்கிய கொள்கை இது. மணத்தின் விளைவுகளுக்கும் விவாகரத்துக்கும் கணவனின் தேசச் சட்டம், பெற்றோர்-பிள்ளை உறவுக்குத் தந்தையின் தேசச் சட்டம். தேசங்களுக்கிடையே சமத்துவம் கேட்ட அதே பேனா, வீட்டுக்குள் தேசம் என்றால் ஆண் என்று எழுதிவைத்தது. பிலிப்பைன்ஸ் சட்டம் விவாகரத்தை அனுமதிக்காது. ஆகவே அந்நாட்டுக்காரரை மணந்த ஜப்பானியப் பெண், ஜப்பானிலேயே வாழ்ந்தாலும், நீதிமன்றம் 'பொது ஒழுங்கு' என்ற விதிவிலக்கைத் தேடியெடுத்தால்தான் விடுபட முடியும் என்ற நிலை வந்தது. தேசிய உரிமைச் சட்டமும் தந்தை வழிதான். ஒகினாவாவில் அமெரிக்கச் சிப்பாய்களை மணந்த பெண்களின் பிள்ளைகள் சிலர் தந்தை நாடும் தாய் நாடும் ஏற்காமல் நாடற்றவர்களாக நின்றார்கள். 1985இல்தான் தாய்வழித் தேசிய உரிமை வந்தது. ஹோரெயில் கணவன், தந்தை என்ற இடங்களில் இருவருக்கும் பொதுவான சட்டம் முதலிடம் பெற்றது 1990 ஜனவரியில். 2007இல் ஹோரெயின் இடத்தைப் புதிய சட்டமே பிடித்துக்கொண்டது.

இன்னொரு பக்கம் கொரியா. 1876இல் ஜப்பான் கொரியாமேல் திணித்த ஒப்பந்தத்தில், அங்கே குற்றம் செய்யும் ஜப்பானியரை ஜப்பானே விசாரிக்கும் என்று ஒரு ஷரத்து. தன்னால் சகிக்க முடியாததை அண்டை வீட்டுக்காரன் தலையில் கட்டுவது. 1896இல் சீனாவிடமும் இதே சலுகையைப் பிடுங்கியது, அதுவும் ஹோரெய் வரைவுக் காலத்திலேயே. 1910இல் கொரியா இணைக்கப்பட்டபின் கொரியர்களும் 'ஜப்பானியக் குடிகள்' ஆனார்கள். ஒரே தேசம் என்றால் சட்ட மோதல் வரக்கூடாதல்லவா? வந்தது. 1918இல் 'பொதுச் சட்டம்' என்ற பெயரில், பேரரசுக்குள்ளேயே தாய்நாடு, கொரியா, தைவான் என்று பிராந்தியம் பிரித்து, யாருக்கு எந்தச் சட்டம் என்று வகுத்தார்கள். ஹோரெயின் கொள்கைகள் அப்படியே உள்ளே எடுத்துவரப்பட்டன, தேசம் இருந்த இடத்தில் குடும்பப் பதிவேடு. கொரியர் தோக்கியோவில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், திருமணம், தத்து போன்ற வழிகளில் அன்றி, பதிவேட்டை மாற்றிக்கொள்ள முடியாது. (நமக்குப் பக்கத்திலேயே, புவாசொனாதின் ஃபிரான்ஸ் 1881இல் புதுச்சேரியில், சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்தால் ஃபிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆணையிட்டது. வருகிறவர் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும்.)

அந்தப் பதிவேடு வேலை செய்தது 1952இல். சமாதான உடன்படிக்கை அமலான ஏப்ரல் 28ஆம் தேதியோடு கொரியரும் தைவானியரும் ஜப்பானியத் தேசிய உரிமை இழக்கிறார்கள் என்று, அதற்கு 9 நாள் முன்னால் சட்ட அமைச்சகத்தின் ஒரு பிரிவு சுற்றறிக்கை அனுப்பியது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, யாரையும் கேட்கவில்லை. ஜப்பானிலேயே வாழ்ந்த கொரியர் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் அந்நியரானார்கள். யார் கொரியர் என்பதற்கு ரத்தமோ மொழியோ அளவுகோல் அல்ல, பதிவேடுதான். ஜப்பானியரை மணந்து அவர் பதிவேட்டில் ஏறிய கொரியப் பெண் ஜப்பானியராகவே நீடித்தாள். கொரியரை மணந்து பதிவேடு மாறிப்போன ஜப்பானியப் பெண் அந்நியள் ஆனாள். அப்படி ஒரு பெண் வழக்குப் போட்டாள். 1961 ஏப்ரலில் ஜப்பான் உச்சநீதிமன்றத்தின் முழு அமர்வு, அவள் தேசிய உரிமை இழந்தது சரிதான் என்று தீர்ப்பளித்தது.