பழுவூர்க்காரர்

பழுவூர் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? உடம்பில் அறுபத்து நான்கு போர்க் காயங்களோடு மிரட்டும் பெரிய பழுவேட்டரையர். பல்லக்கில் வரும் நந்தினி. கல்கி செய்த மாயம் அப்படி!

அரியலூரில் தஞ்சாவூர் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே கீழப்பழுவூர் வந்துவிடும். சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இங்கேதான் இருக்கிறது. பழுவேட்டரையர்கள் நாவலுக்காகப் பிறந்தவர்கள் இல்லை. சோழர்களுக்குப் பெண் கொடுத்து, படை கொடுத்து வாழ்ந்த நிஜமான குறுநில மன்னர்கள். மேலப்பழுவூர் பக்கம் அவர்கள் காலத்துக் கற்கோயில்கள் இன்றும் நிற்கின்றன.

இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் பழுவூர்க்காரருக்கு அரண்மனை இல்லை, பல்லக்கு இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வீட்டில் வயதான அம்மா, இளம் மனைவி, ஒரு கைக்குழந்தை. பெயர் சின்னசாமி. சரித்திரத்தில் கீழப்பழுவூர் சின்னசாமி.

1964 ஜனவரி 25, விடிகிற நேரம். திருச்சி ரயில் நிலையத்துக்கு முன்னால், 'தமிழ் வாழ்க, இந்தி ஒழிக' என்று முழங்கியபடி தீக்கு இரையானார். வயது 26.

பள்ளிக்கூடப் பாடத்திலும் மேடையிலும் இந்த ஒரு விடியற்காலையோடு அவர் கதை தொடங்கி, அங்கேயே முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. உங்களுக்கும் போதாது என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய வருஷங்களைக் கொஞ்சம் பார்ப்போமே!

அவர் பிறந்தது 1937. விசித்திரம் பாருங்கள்... ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராகி, பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னதும் அதே வருஷம்தான். இந்தி எதிர்ப்பில் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் இறந்துபோனபோது இவருக்கு நடக்கத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். 1953 ஜூலையில் 'டால்மியாபுரம்' என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தாரே, அந்தக் கல்லக்குடியும் திருச்சி - அரியலூர் ரயில் பாதையில்தான் இருக்கிறது. துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. அப்போது இவருக்குப் பதினாறு வயது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்குத் தமிழ் மேல் இப்படி ஒரு பித்து எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்வி. பதில், பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்தது.

ஐம்பதுகளின் கிராமத்தைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சலூனிலும் இதே கதைதான். கீற்றுக் கொட்டகை போட்டு 'படிப்பகம்' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். பக்கத்து ஊரில் கூட்டம் என்றால் கட்டுச்சோறோடு போய், விடிய விடியக் கேட்டுவிட்டு, வசனங்களை வாயில் மென்றபடி வரப்பு வழியே வீடு திரும்புவார்கள். வாத்தியார் வீட்டிலும் மடத்திலும் பண்டிதர் கையிலும் இருந்த தமிழ், முதன்முறையாக, நாற்று நடுகிறவனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் 'உன்னுடையது' என்று கொடுக்கப்பட்டது. நிலம் நீச்சு இல்லாதவனுக்கு அதுவே பெரிய சொத்து. தி.மு.க.வின் மேல் ஆயிரம் விமர்சனம் வைக்கலாம். இந்த ஒன்றை மறுக்க முடியாது.

சின்னசாமியும் தி.மு.க. தொண்டர்தான். பிறந்த பெண் குழந்தைக்கு அவர் வைத்த பெயரிலேயே 'திராவிடம்' இருந்தது. சாமி பெயரும் பாட்டி பெயரும் வைக்கிற ஊரில் அது சாதாரணக் காரியமா என்ன?

இப்போது டெல்லிக்கு ஒரு நடை போய்வருவோம். 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், இந்திதான் ஆட்சிமொழி, ஆங்கிலத்துக்கு 15 வருஷம் தவணை என்றது. தவணை முடியும் நாள் 1965 ஜனவரி 26. தென்னாட்டில் எதிர்ப்பு கிளம்பியதும், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959-ல் நேரு வாக்குக் கொடுத்தார். ஆனால் 1963-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தில், ஆங்கிலம் தொடர 'மே' என்றுதான் இருந்தது; 'ஷல்' இல்லை. தொடரலாம், தொடராமலும் போகலாம்! இரண்டும் ஒன்றுதான் என்றார் நேரு. அப்படியென்றால் 'ஷல்' என்றே போட்டுவிடுங்களேன் என்றார் மாநிலங்களவையில் இருந்த அண்ணா. போடவில்லை. அந்த நவம்பரில், அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரிக்கப்போவதாக அறிவித்த அண்ணா கைதானார்.

'மே', 'ஷல்' சண்டை கீழப்பழுவூருக்கு எட்டியிருக்குமா? இந்த வார்த்தைகள் எட்ட வேண்டிய அவசியமில்லை. மணியார்டர் பாரத்தில் இந்தி, தபால் தலையில் இந்தி, ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் இந்தி. கிராமத்தான் தன் அரசாங்கத்தைக் கண்ணால் பார்க்கும் இடங்கள் இவைதானே!

1965-ல் தெருவுக்கு வந்த கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. யு.பி.எஸ்.சி. பரீட்சையும் மத்திய அரசு வேலையும் இந்திக்காரர்களுக்கே போய்விடுமே என்ற பயம். தப்பில்லை, நியாயமான பயம். சின்னசாமிக்கு அந்தக் கணக்கே கிடையாது. எந்தப் பரீட்சையும் எழுதப் போகிறவர் இல்லை. எந்த ஆபீஸிலும் அவருக்காக நாற்காலி காத்திருக்கவில்லை. நஷ்டம் என்று காட்ட அவரிடம் மொழியைத் தவிர எதுவுமே இல்லை. அவரை மற்றவர்களிடமிருந்து தனியாகப் பிரித்துக் காட்டுவது இதுதான் என்பது என் எண்ணம்.

மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. சாவதற்கு முன்னால் அவர் சென்னைக்குப் போனாராம். ரயில் நிலையத்தில் முதலமைச்சர் பக்தவத்சலத்தைப் பார்த்து, தமிழைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினாராம். போலீஸ் அவரை இழுத்துப் போட்டதாம். கிராமத்து மனிதருக்கே உரிய நம்பிக்கை இது. பெரியவங்க காலில் விழுந்து கேட்டால் செய்வாங்க!

அதற்கு முந்தைய ஜூன் மாதம்தான், சைகோன் நகரத் தெருவில் புத்த பிக்கு திக் குவாங் டக் தீக்குளித்த போட்டோ உலகத்தையே உலுக்கியிருந்தது. வீட்டில் சொல்லாத முடிவை, சின்னசாமி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பற்றைக் கும்பிடலாம். அந்த முடிவை என்னால் கும்பிட முடியாது. துறவி எரிந்தால் மடம் அழும். சம்சாரி எரிந்தால் அடுப்பு எரியாது. ஒரு தாய்க்குப் பிள்ளை போனான். தாலி கட்டிச் சில வருஷமே ஆன பெண் வெள்ளைப் புடவைக்கு மாறினாள். மேடையில் 'தீயில் வெந்தான், தீரத்தில் வென்றான்' பாணியில் முழங்கிவிட்டு, ஜோடா குடித்துவிட்டு இறங்குவது சுலபம். மறுநாள் அந்த வீட்டில் அரிசிக்கு என்ன வழி என்று கேட்பதுதான் கஷ்டம்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1965 ஜனவரி 25-ல் மதுரையில் மாணவர் ஊர்வலம் கலவரமானது. அடுத்த இரண்டு வாரம் தமிழ்நாடே பற்றி எரிந்தது. அரசாங்கக் கணக்கிலேயே சாவு எழுபதைத் தொட்டது. அப்போது பிரதமர் யார் தெரியுமா? லால் பகதூர் சாஸ்திரி. 1956 நவம்பரில் அரியலூர் மருதையாற்றில் ரயில் கவிழ்ந்தபோது, பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தாரே, அதே சாஸ்திரி! ஒன்பது வருஷத்துக்குள் இரண்டாவது தடவையாக அரியலூர்ப் பக்கத்துச் சாவு அவர் வாசலுக்கு வந்தது. சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் மந்திரி பதவியை ராஜினாமா செய்ய, பிப்ரவரி 11-ம் தேதி ரேடியோவில் பேசி, நேருவின் வாக்குறுதியைக் காப்பாற்றுவேன் என்றார். 1967 தேர்தலில் அண்ணா முதல்வரானார். அந்த டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 1968 ஜனவரியில் தமிழக சட்டசபை இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியது.

திருச்சி தென்னூரில் சின்னசாமிக்கும் விராலிமலை சண்முகத்துக்கும் நினைவிடம் இருக்கிறது. வருஷா வருஷம் ஜனவரி 25 அன்று, கட்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து மாலை வைக்கின்றன. அவர் ஊருக்கோ மாவட்டமே நிலையாக நிற்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் இருந்தது, 1995-ல் பெரம்பலூருக்குப் போனது. 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடியும் பெரம்பலூர், 2007-ல் மறுபடியும் அரியலூர்!

மொழிப்போரில் இறந்தவர்கள் பட்டியலை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கீழப்பழுவூர் சின்னசாமி, கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன், கீரனூர் முத்து, சத்தியமங்கலம் முத்து... அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் வந்து உட்கார்ந்துவிட்டது. சின்னசாமி என்ற பெயரைத் தன் இனிஷியலாகப் போட்டுக்கொள்ள ஒரு பெண் குழந்தை இருந்தது. அப்பாவின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வயது அதற்கு அன்று ஆகியிருக்கவில்லை.