பாதி வேலைக்குக் கட்டிய ஆலை

எங்கள் தலைமுறைக்கு நிக்கல் என்றால் சில்லறைதான். ஐம்பதுகளில் புழங்கிய நாலணா, எட்டணா எல்லாம் சுத்த நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது நிக்கலை மின்சார வண்டி பேட்டரிக்காகத் தேடுகிறார்கள். அதைப் பற்றிப் படிக்கும்போதுதான் கியூபாவில் உள்ள மோவா ஊரின் கதை கிடைத்தது.

மோவாவில் இருப்பது செம்மண். நூறு கிலோவில் ஒன்றேகால் கிலோ நிக்கல் தேறும். மீதியில் பெரும்பகுதி இரும்பு. உருக்கிப் பிரித்தால் கட்டுப்படியாகாது. 1959-இல் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் சல்ஃபர் கம்பெனி வேறொரு வழியில் அங்கே ஆலை கட்டி முடித்தது. மண்ணைக் கூழாகக் கரைத்து, கந்தக அமிலத்தோடு ராட்சத பிரஷர் குக்கர் மாதிரியான கலத்தில் அடைத்து, சுமார் 250 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். அந்தச் சூட்டில் ஒரு வேடிக்கை நடக்கும். இரும்பு கரைந்த கையோடு சிவப்புத் துருப்பொடியாக அடியில் படிந்து, தான் தின்ற அமிலத்தையும் திருப்பிக் கொடுத்துவிடும். நிக்கலும் கோபால்ட்டும் கரைசலிலேயே நிற்கும். பிறகு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்தினால் இரண்டும் சேர்ந்து கறுப்பு வண்டலாக இறங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆளையே கொல்லும் வாயு அது.

மோவாவின் வேலை அதோடு சரி. வண்டலைச் சுத்தம் செய்து நிக்கலைத் தனியாக எடுக்கும் ஆலையைக் கம்பெனி கடலுக்கு அப்பால் லூயிசியானாவில் வைத்திருந்தது. தற்செயலாக அப்படி வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1960-இல் காஸ்ட்ரோ அரசு மோவா ஆலையை நாட்டுடைமை ஆக்கியது. அமெரிக்க எஞ்சினியர்கள் கிளம்பிவிட்டார்கள். டெமெட்ரியோ பிரெசில்லா என்ற கியூபா எஞ்சினியர் அங்கேயே தங்கி, 1961-இல் ஆலையை மறுபடி ஓடவைத்தார். ஆனால் ஓடி என்ன, கையில் கிடைத்தது அதே கறுப்பு வண்டல்தானே! சுத்தம் செய்ய அதை சோவியத் நாட்டுக்குக் கப்பலேற்றினார்கள். சோவியத் உடைந்த பிறகு, 1994-இல் கனடாவின் ஷெரிட் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து, ஆல்பர்ட்டாவுக்கு அனுப்பினார்கள். ஆத்திரம் அடங்காத அமெரிக்கா, 1996-இல் ஒரு சட்டம் போட்டு ஷெரிட் அதிகாரிகள் தன் மண்ணில் கால்வைக்கவே தடை விதித்தது.

அதே அமிலக் குக்கர் முறை இன்று இந்தோனேசியாவில் பேட்டரிக்காக ஓடுகிறது. 2020-இல் அந்நாடு நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. அதன் பிறகும் பாதி சுத்தமான சரக்கு பெருமளவில் சீனாவுக்குத்தான் போகிறது. பேட்டரிக்கு வேண்டிய பச்சை உப்பான நிக்கல் சல்ஃபேட்டை, 2023-இல் ஓபி தீவிலேயே எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.